ஆமென் சொன்னதும் எரிக்கவும்

எங்கள் சர்ச்சை முதல் தடவை எரித்தவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இரண்டாவது தடவை எரிக்க வந்தவர்கள் நாகரிகமானவர்கள். பதினெட்டுப் பக்கத்துக்கு ஒப்பந்தம் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் ஷைலோ பெண்ட் எங்கள் ஊர், கறுப்பர்களின் ஊர். நூற்று இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பக்கத்து ஊரிலிருந்து வெள்ளைக்காரர்கள் தீவட்டிகளோடு வந்து எங்கள் சர்ச்சையும் தெருவையும் கொளுத்திவிட்டுப் போனார்கள். இறந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அதற்குப் பிறகு ஊர்க்கோடியில் செங்கல்லில் ஒரு சர்ச் கட்டிக்கொண்டோம். ஒரு டிசம்பர் புயல் அதன் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பழைய சர்ச் எரிந்த வயல் மட்டும் சபையின் பெயரில் சும்மா கிடந்தது. அந்த வயலைத்தான் சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். எரிந்த சர்ச்சை அதே இடத்தில், அதே அளவில், மரத்தில் கட்டினார்கள். புது மரத்துக்குப் பழுப்பு ஏற்ற நான்கு பெயிண்டர்கள் பத்து நாள் வேலை செய்தார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில், பீட்சா வாசனையில், ஆண்டவரைத் துதித்துக்கொண்டிருந்தோம்.

இதில் மற்ற எல்லாரையும்விட அதிகமாகச் சங்கடப்பட்டவள் என் சித்தி ஆர்வெல்லா. வாரம் ஆறு நாள் கோழி ஆலையில் வேலை, ஏழாவது நாள் சர்ச்சில் வாசல் ஊழியம். முப்பத்தொரு வருடமாக வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை. உள்ளே ஜெபம் நடக்கும்போது யாரும் நுழையக் கூடாது, யாரும் வெளியேறக் கூடாது. இடது கை முதுகுக்குப் பின்னால் போகும், வலது கை எழும், உள்ளங்கை நம் முகத்தைப் பார்க்கும். அவ்வளவுதான். மேயரை நிறுத்தியிருக்கிறாள். என் அம்மா தன் சொந்தக் கல்யாணத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தபோது, ஜெபம் முடியும்வரை கவுனோடு வெயிலில் நிறுத்திவைத்தவள் இவள்தான், அம்மாவின் கூடப்பிறந்த தங்கை.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் இருந்ததோ தானியங்கிக் கண்ணாடிக் கதவு. யாரையாவது நிறுத்த சித்தி கையைத் தூக்குவாள். கதவு அதைத் தனக்கு வந்த உத்தரவு என்று எண்ணித் திறந்துகொள்ளும். ஒன்பது மாதம் இப்படி. ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்து கையுறைகளைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். குளிர்காலத் துணிகள் வைக்கிற தட்டு அது.

"என்ன சித்தி, ரிடையர்மெண்டா?"

"வாசல் இல்லாதவளுக்கு வாசல் ஊழியம் எதுக்குடா, லெமுவேல்?"

சினிமாக்காரர்கள் கட்டிய சர்ச்சில் வாசல் இருந்தது. ஓக் மரத்தில் இரட்டைக் கதவு, நான்கு படிகள். சித்தி தினமும் ஆலைக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு அந்தப் படத்தில் உத்தியோகம் கிடைத்தது. டைரக்டர் விட்காம் கலிஃபோர்னியாக்காரர். எங்களுக்கு நடந்த அநியாயத்தை நினைத்து எங்களைவிட அதிகமாக அழுகிறவர். "நீ காலேஜ்ல வரலாறு படிக்கிறியா தம்பி?" என்று கேட்டார். "ஒரு பேப்பர் பாஸ் பண்ணியிருக்கேன் சார்" என்றேன். கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள்: பண்பாட்டு ஆலோசகர்.

முதல் வாரம் ஓர் ஆலோசனை சொன்னேன். எரிந்த எங்கள் தெருவில் செருப்புக்கடையே இருந்தது, எல்லாரையும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள் என்றேன். வெறுங்கால்தான் திரையில் மனசைப் பிசையும் என்று பதில் வந்தது. கதாநாயகன் ஒரு வெள்ளைக்கார ஷெரீஃப். நல்லவர். எங்களைக் காப்பாற்ற ரொம்ப முயற்சி செய்து, கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறார். அவருடைய குதிரைக்குத் திரைக்கதையில் பெயர் உண்டு. எங்கள் இருபத்துமூன்று பேருக்கும் எண்கள் இருந்தன. நான் பிணம் 4. சித்தி, அழும் பெண் 2.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு கூடாரங்கள். ஒன்று கலவரக்காரர்களுக்கு, இன்னொன்று பலியாகிறவர்களுக்கு. எங்கள் உடம்பில் பூசிய கரி அவர்கள் சட்டையில் ஒட்டிவிடக் கூடாதாம். வேறு எந்தக் காரணமும் இல்லை என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து எங்களிடம் விளக்கினார்கள். ஏசி அவர்கள் கூடாரத்தில் இருந்தது.

கலவரக் கும்பலின் தலைவனாக நடித்தவன் ஹார்லன் ஸ்டப்ஸ். பக்கத்து ஊர்க்காரன், கோழி ஆலையில் சித்தியோடு ஒரே வரிசையில் வேலை. தாடியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். "முன்அனுபவம் உண்டா?" என்று கேட்டார்களாம். "எனக்கு இல்ல. எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு இருக்கு" என்றானாம். வேலை கிடைத்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு மூன்று நாள் எங்கள் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டான், பாவம்.

இரண்டாவது வாரம் சித்தி நேரே போய் டைரக்டரைக் கேட்டாள்.

"சார், படம் முடிஞ்சதும் இந்த சர்ச்சை என்ன பண்ணுவீங்க?"

விட்காம் நெஞ்சில் கை வைத்தார். "எரிச்சிடுவோம்மா."

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே எரிக்கிறாங்களாமே?"

"உங்க முன்னோருக்குப் போய்ப் பொய் நெருப்பா? எனக்கு மனசு கேக்காதும்மா."

"பொய் சர்ச்சுல உக்காந்து நாங்க பொய்யா அழறோம், பொய்யா சாகறோம். நெருப்பு மட்டும் நிஜமா இருக்கணுமா சார்?"

விட்காமுக்குக் கண் கலங்கியது. உதவியாளரைக் கூப்பிட்டு, "இதை எழுதிக்கோ, எழுதிக்கோ" என்றார். அடுத்த நாள் அந்த வசனத்தைக் கொஞ்சம் மாற்றி ஷெரீஃபுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ஒப்பந்தத்தைப் படித்தேன். ஆலோசகருக்கு வேறு வேலை இல்லை. பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி: படப்பிடிப்பின் கடைசி நாள் முடியும்போது வயலில் என்ன நிற்கிறதோ, அது நிலத்தின் சொந்தக்காரருக்கே சேரும். இடித்து அள்ளுகிற வேலை தங்கள் தலையில் விழக் கூடாது என்று அவர்களே போட்டுக்கொண்ட வரி. நிலத்தின் சொந்தக்காரர் எங்கள் சபை. கடைசி நாள், எரிக்கிற நாளான சனிக்கிழமை. எரிப்பதற்கு மாவட்டத் தீயணைப்பு அதிகாரி கொடுத்த அனுமதி சூரியன் மறையும்வரை, 7.42 வரை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வறட்சி காரணமாக மாவட்டத்தில் குப்பையைக்கூட எரிக்கக் கூடாது, அக்டோபர்வரை.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னேன்.

"ம்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் பல பேருடைய வாழ்க்கையை மாற்றிய "ம்" அது.

சனிக்கிழமை வந்தது. காட்சி இதுதான்: சர்ச்சுக்குள் சபை கூடியிருக்கிறது. டீக்கன் ஜெபம் பண்ணுகிறார். கும்பல் கதவை உதைத்துக்கொண்டு நுழைகிறது. ஜனங்கள் பலிபீடத்துப் பக்கமாக ஓடுகிறார்கள். அங்கே கேமராவுக்காகச் சுவரே வைக்கவில்லை. ஆட்கள் வெளியே போனதும் நெருப்பு. எல்லாம் ஒரே ஷாட்டில், சாயங்கால வெளிச்சத்தில். திரைக்கதையில் தடித்த எழுத்தில் இருந்தது: ஆமென் சொன்னதும் உதைக்கவும். ஆள் காலியானதும் எரிக்கவும்.

டீக்கனாக நடித்தவர் எங்கள் நிஜ டீக்கன் ஹோஸியா டம்ப்ளர். வயது எழுபத்தாறு. எங்கள் பாஸ்டர் இரண்டு சபைகளுக்குப் பொதுவானவர், மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் நாங்கள் ஹோஸியாவின் கையில்.

மணி ஐந்தேகால். விட்காம் அவர் தோளில் கை போட்டார். "டீக்கன், வசனமெல்லாம் வேண்டாம். உங்க மனசுல வர்ற மாதிரி ஒரு சின்ன ஜெபம். சரியா?"

"சின்னதுன்னா எவ்வளவு சின்னது சார்?"

"உங்க இஷ்டம் டீக்கன். உண்மையா இருக்கணும், அதான் முக்கியம்."

பண்பாட்டு ஆலோசகர் வாயைத் திறக்க வேண்டிய இடம் இது. டீக்கன் ஹோஸியா ஆசீர்வதித்த பொரித்த மீனை இந்த ஊரில் யாரும் சூடாகச் சாப்பிட்டதில்லை. அவர் ஜெபத்தில் முழங்கால் போட்ட ஒரு கர்ப்பிணி, ஆமெனுக்கு முன்னால் வலி எடுத்துப் பிரசவத்துக்குப் போன கதையும் உண்டு. ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் ஆலோசனை சொல்வது மரியாதை இல்லை.

சித்தி டீக்கனிடம் வந்தாள். "டீக்கன், நோயாளிங்க பட்டியலை மறந்துடாதீங்க."

"எந்த வருஷத்துப் பட்டியல், சிஸ்டர் கேட்ஸ்டன்?"

"எல்லா வருஷமும்."

"சரிம்மா" என்றார் டீக்கன்.

அழும் பெண் 2 மூன்றாவது வரிசையில் உட்கார வேண்டும். அவள் கைப்பையைத் திறந்தாள், வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டாள், போய்க் கதவருகே நின்றாள். கதவை விரியத் திறந்துவைத்தாள். விட்காம் திரையில் பார்த்துவிட்டு, "அந்தக் கையுறை அழகா இருக்கு, விட்டுடு" என்றார். அவர் செய்த இரண்டாவது தப்பு. முதலாவது, "உங்க இஷ்டம்."

ஐந்தரைக்கு டீக்கன் கண்ணை மூடினார்.

"எங்களை இன்னிக்குக் காலையில எழுப்பிவிட்ட ஆண்டவரே..."

"ஆமா, எழுப்பினீரே!" என்றது சபை.

"எங்க படுக்கை எங்களுக்குப் பாடையாகாம..."

"ஆகலையே!"

முதல் பத்து நிமிடம் விட்காம் அழுதார். "தங்கம், தங்கம்" என்று ஒலிப்பதிவாளர் கையைப் பிடித்துக்கொண்டார். டீக்கன் இறந்தவர்களின் பெயர்களுக்கு வந்தார். வருடாவருடம் அந்த நாளில் மனப்பாடமாகச் சொல்கிற பட்டியல்தான். ரான்சம் டாலிவர், செருப்புக்கடை வைத்திருந்தவர் என்றார். சொன்னவரும் கேட்டவர்களும் வெறுங்காலோடு இருந்தோம். யூலா பிராட்னாக்ஸ், பீச் பழ ஜாம் போடுகிறவள். இரட்டைப் பிள்ளைகள் கேடரும் கோரியும், நான்கு வயது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு தொழில், ஒரு குணம். சிலருக்குக் கெட்ட குணமும் இருந்தது; ஜெபத்தில் ஒளிக்கக் கூடாது.

இருபத்துமூன்று பேர் முடிய ஆறு மணி. விட்காம் ஆமெனுக்காக முன்னால் சாய்ந்தார். டீக்கன் நோயாளிகள் பட்டியலைத் தொடங்கினார்.

"அவசரப்படாதீங்க, டீக்கன்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மெதுவா, ஐயா, மெதுவா!" என்றது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எப்போதும் சொல்கிறதுதான். புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை.

ஆறே காலுக்கு விட்காம் "கட்!" என்றார். ஒருவரும் கேட்கவில்லை. கண்ணை மூடினால் காது கேட்காது என்பது எங்கள் சபையின் நம்பிக்கை. 1987-இல் இடுப்பெலும்பு முறிந்த ஒரு சகோதரிக்காக மன்றாட்டு நடந்துகொண்டிருந்தது. அவள் குணமாகி, பிறகு வேறு ஒன்றில் இறந்தும் போய்விட்டாள். அதைப் பற்றியும் ஆண்டவருக்கு நினைவூட்டப்பட்டது.

"ஆமென் வேண்டாம்! கும்பல் உள்ள போங்க!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் விட்காம்.

ஹார்லன் நாற்பது பேரோடு தீவட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நன்றாகவே நடித்தான். உறுமிக்கொண்டு நான்கு படியும் ஏறினான். நான் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிணம் 4-க்கு அந்தச் சலுகை உண்டு.

சித்தியின் இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. வலது கை எழுந்தது.

ஹார்லன் நின்றான். அவன் பின்னால் நாற்பது பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"தொப்பி" என்றாள் சித்தி, மெல்லிய குரலில்.

"கழட்டிட்டேன், மிஸ் ஆர்வெல்லா."

"தீவட்டியைத் தள்ளிப் பிடி. திரைச்சீலையில படப்போகுது."

"சரிங்க, மிஸ் ஆர்வெல்லா."

"ஹார்லன்! என்னய்யா பண்றே? உள்ள போ!" ஒலிபெருக்கி அலறியது.

"ஜெபம் நடக்குது சார்!"

"நீ கொலைகாரன்யா! கொலைகாரன் எங்கயாவது ஜெபத்துக்கு நிப்பானா?"

"அது ஆர்வெல்லா சார்."

"அது அழும் பெண் ரெண்டு!"

"உங்களுக்குத் தெரியாது சார். எங்க ஆலையில க்ளீட்டஸ் செத்தப்ப சாவுக்கு வந்தோம். நாப்பது நிமிஷம் மழையில நிக்க வெச்சாங்க. எங்க சூப்பர்வைசரும் நின்னான்."

பின்னால் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களும் நனைந்தவர்கள்போல.

உள்ளே டீக்கன் நோயாளிகளை முடித்துவிட்டு மறுபடியும் பெயர்களுக்குத் திரும்பியிருந்தார். இந்தத் தடவை ஒரு பெயரில் நின்றுவிட்டார். "டெல்ஃபி கேட்ஸ்டன், ஆண்டவரே. வாசல் ஊழியம் செஞ்சவ. உள்ள உம்மைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, அவ வாசல்ல நின்னா. வந்தவங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினா, ஆண்டவரே."

சபை பதில் சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு எப்போதும் பதில் சொல்வதில்லை. டெல்ஃபி என் சித்தியின் பாட்டனாருக்கு அக்கா. அன்றைக்கு அவள் தூக்கிய கைக்கு யாரும் நிற்கவில்லை.

சித்தியின் கை இறங்கவில்லை. ஹார்லன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். தீவட்டியை அவன் எப்போது கீழே, மணல் வாளிக்குள் குத்தினான் என்று நான் கவனிக்கவில்லை.

விட்காம் தீயணைப்பு அதிகாரியிடம் ஓடினார். "கூரையை மட்டுமாவது பத்த வையுங்க சார்! வெளிச்சம் போகுது!"

"உள்ள ஆளுங்க இருக்காங்களே சார்."

"அதனால?"

"ஆள் இருக்கும்போது சர்ச்சை எரிக்கக் கூடாது சார். சட்டம்."

நூறு வருடத்தில் நாடு எவ்வளவோ முன்னேறிவிட்டது.

ஏழு மணிக்கு விட்காம் தானே வாசலுக்கு வந்தார். "நான் டைரக்டர்ம்மா!" என்றார். கை அவருக்கும் எழுந்தது. அப்போதுதான் அவருக்குப் பின்பக்கம் சுவர் இல்லாதது ஞாபகம் வந்தது. சுற்றிக்கொண்டு ஓடி, கேமராவைத் தாண்டி, நேராக டீக்கனின் பக்கத்தில் வந்து நின்றார்.

இது அவருடைய மூன்றாவது தப்பு, பெரிய தப்பு. எங்கள் சர்ச்சில் ஜெப நேரத்தில் ஒருவன் முன்னால் வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பாரம் தாங்காமல் வந்திருக்கிறான்.

டீக்கன் கண்ணைத் திறக்காமலே அவர் தலையில் கை வைத்தார். "இந்த மகனைப் பாரும், ஆண்டவரே!"

"பாரும், ஆண்டவரே!" பதினைந்து பேர் எழுந்து போய் விட்காமின் தோளிலும் முதுகிலும் கை வைத்தார்கள். நானும் போனேன். ஆலோசகர் டைரக்டரின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"இல்ல டீக்கன், நான் வந்து..."

"பேசுடா மகனே! மனசைத் திறந்து பேசு! உங்கம்மா பேரென்னப்பா?"

"மார்ஜரி" என்றார் விட்காம், தன்னையறியாமல்.

"மார்ஜரி, ஆண்டவரே! இவனைப் பெத்த மார்ஜரி! கடைசியா அவகிட்ட எப்பப்பா பேசினே?"

விட்காமுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கே போன் பண்ணவில்லையாம். அது ஒரு முப்பது நிமிடம் எடுத்தது. கேமரா, லைட், கேமராவின் பேட்டரி எல்லாவற்றுக்காகவும் ஜெபித்தோம். குதிரைக்காகவும், பெயரைச் சொல்லியே.

7.42-க்குத் தீயணைப்பு அதிகாரி அனுமதிச்சீட்டை மடித்துப் பையில் வைத்தார். ஜன்னல் வழியாக அது எனக்குத் தெரிந்தது. டீக்கனின் கண் மூடியிருந்தது என்பதற்கு நான் சாட்சி.

"ஆமென்" என்றார் டீக்கன் ஹோஸியா.

எல்லாரும் ஹார்லனைப் பார்த்தார்கள். திரைக்கதைப்படி அவன் உதைக்க வேண்டும். சித்தி வலது கையை இறக்கினாள். கையுறை விரல்களால் மூன்றாவது வரிசையில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள். அழும் பெண் 2-இன் இடம். ஹார்லன் தொப்பியை மார்பில் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி வந்து உட்கார்ந்தான். மற்ற நாற்பது பேருக்கும் அவள் வரிசை வரிசையாக இடம் காட்டினாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவளுக்கு வேலை.

படம் போன மாதம் வெளியானது. நெருப்பைக் கம்ப்யூட்டரில்தான் போட்டார்கள். நெருப்பு அவ்வளவு தத்ரூபம் என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதின. டீக்கனின் ஜெபம் பதினொரு விநாடி வருகிறது. சித்தியின் வசனத்தை ஷெரீஃப் சொல்லும்போது தியேட்டரில் கைதட்டினார்கள். சித்தியும் தட்டினாள், நன்றாகச் சொன்னான் என்றாள். பிணம் 4-ஐ நான் இரண்டு தடவை பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சர்ச் நிற்கிறது. மணி ஃபைபரில் செய்தது, அடித்தால் பிளாஸ்டிக் வாளி மாதிரி சத்தம் வரும். ஜன்னல் கண்ணாடிகள் சினிமாவில் உடைப்பதற்கென்று சர்க்கரைப் பாகில் வார்த்தவை. எறும்புகள் தெற்கு மூலையிலிருந்து தின்றுகொண்டு வருகின்றன. பலிபீடத்துக்குப் பின்னால் இன்னும் சுவர் இல்லை. பிரசங்கம் நடக்கும்போது பாஸ்டருக்குப் பின்னால் சோளக்கொல்லை தெரிகிறது. ஒரு ஞாயிறு பக்கத்துப் பண்ணையின் பசு உள்ளே வந்து பாடகர் குழுவோடு நின்றது. வாசல் வழியாக வராததால் சித்தி அதை வருகையாகக் கணக்கில் எடுக்கவில்லை.

போன ஞாயிறு நான் தாமதமாகப் போனேன். டீக்கன் ஜெபத்தில் இருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. சுற்றிக்கொண்டு போனால் சோளக்கொல்லை வழியாக நேரே உள்ளே போய்விடலாம். ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் போவதில்லை. படியில் எனக்கு முன்னால் ஹார்லன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் நகர்ந்து நிழலில் இடம் விட்டான்.

"எவ்வளவு நேரமா நிக்கறே?" என்றேன்.

"1994 பட்டியல் போகுது" என்றான்.

நான் அவனைத் தாண்டி இரண்டு படி ஏறினேன். வெள்ளைக் கையுறை எழுந்தது.

"சித்தி, நான்தான்."

"தெரியுது" என்றாள். "நில்லு."